எல்நினோ மாரியும் டெங்குக் காய்ச்சலும்: மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஒரு கணக்கு

கல்லடியிலிருந்து வந்த கேள்வி இது: “எல்நினோ ஆண்டில் டெங்கு கூடும் என்கிறார்கள். ஆனால் பெருமழை பெய்தால் குடம்பி எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமே? பிறகு ஏன் மழை ஓயும் தை மாதத்தில் எங்கள் பக்கம் காய்ச்சல் ஏறுகிறது? புகை அடித்தும் குறையவில்லை. இனி மலேரியாவும் திரும்புமா?”

எல்நினோ டெங்கைக் கையோடு கூட்டி வருவதில்லை. மழை எப்போது தொடங்கும், எப்படி விட்டுவிட்டுப் பெய்யும் என்பதைத்தான் அது மாற்றுகிறது. நுளம்பின் கணக்கில் மழையின் மொத்த அளவை விட மூன்று விடயங்கள் பெரிது: மழைக்கு முன் எவ்வளவு காலம் வறண்டிருந்தது, ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் எத்தனை நாள் இடைவெளி, அந்த நாட்களில் வெப்பம் எவ்வளவு.

முதலில் மழையைப் பார்ப்போம். மட்டக்களப்புக் கரையோரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,600 முதல் 1,700 மி.மீ. மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, எங்களுக்குக் காய்ந்த கச்சானாக வீசுகிறது. கொழும்பு, களுத்துறைப் பக்கம் ஜூன், ஜூலையில் டெங்கு உச்சத்துக்குப் போகும். எங்களுக்கு மாரியோடு வரும் ஒரே ஏற்றம்தான். தொலைக்காட்சியில் ஜூன் மாதம் காட்டும் டெங்கு விழிப்புணர்வு வாரத்தைப் பார்த்து நாங்கள் வளவு துப்புரவு செய்தால், எங்கள் காலத்துக்கு அது பொருந்தாது.

எல்நினோ என்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தை விட அரைப் பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிச் சில மாதங்கள் அப்படியே நிற்பது. இந்து சமுத்திரத்துக்கும் இப்படியொரு ஊசல் உண்டு. ஆபிரிக்கக் கரைப்பக்கம் சூடேறி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் அதை நேர்மறை இருமுனை என்பார்கள். இந்த இரண்டும் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கூட்டும் பக்கம் சாய்கின்றன. எல்நினோ இருந்தால் அதற்குப் பிந்திய ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும் சாய்வும் உண்டு. பசிபிக்கின் அதே பகுதி வழக்கத்தை விடக் குளிரும் லாநினா இதற்கு எதிர்: முன்மாரி மெலிந்து, தையிலும் மாசியிலும் கொட்டும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பையும் அம்பாறையையும் அடுத்தடுத்து மூழ்கடித்த வெள்ளங்கள் ஒரு பலமான லாநினாவின் போது வந்தவை. ‘சாய்வு’ என்று சொல்வதைக் கவனியுங்கள். எல்நினோ ஆண்டிலும் காய்ந்த ஒக்டோபர் வரலாம்.

இனி நுளம்பு. டெங்கைப் பரப்புவதில் முதலாவது ஈடிஸ் ஈஜிப்டி; வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் இருப்பது. இரண்டாவது ஈடிஸ் அல்போபிக்டஸ்; மரஞ்செடி நிறைந்த வளவுகளில், சிரட்டை, மரப்பொந்து, மூங்கில் குற்றி போன்றவற்றில் பெருகுவது. இரண்டும் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிடும். மையால் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். தண்ணீர் வற்றினாலும் ஈஜிப்டி முட்டை மாதக்கணக்கில், ஆறு மாதத்துக்கு மேலும் சாகாமல் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்தால் பொரிக்கும்.

ஆகவே பங்குனியில் ஒரு வாளியில் இட்ட முட்டை, கச்சான் காலம் முழுவதும் காய்ந்து கிடந்து, ஒக்டோபரின் முதல் மழையில் உயிர்க்கலாம். வறட்சி நுளம்பை அழித்துவிட்டது என்று நாங்கள் நினைக்கும் காலத்தில் முட்டைகள் சேமிப்பில் இருக்கின்றன. அதோடு வறட்சிக்கே உரிய இன்னொரு வழியும் இருக்கிறது. கிணறு வற்றினால் அல்லது உவர்ப்பானால் பவுசர் தண்ணீரை நம்ப வேண்டிவரும். 200 லீற்றர் பரல், சீமெந்துத் தொட்டி, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அடுத்த பவுசர் எப்போது வரும் என்று தெரியாததால், அடியில் கிடக்கும் தண்ணீரை ஊற்றிவிட மனம் வராது; அதன் மேலேயே நிரப்புவோம். தண்ணீர் இறங்கியபோது சுவரில் இட்ட முட்டை, நிரப்பும்போது நனைந்து பொரிக்கிறது. நுளம்புக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டைத் திட்டமிட்டுச் செய்தாலும் செய்ய முடியாது. 2004இல் கென்யாவின் கரையோரத்தில் சிக்குன்குன்யா வெடித்தது மழையில் இல்லை, வறட்சியில். வீடுகளில் தேக்கி வைத்த தண்ணீரே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. அந்த அலை இந்து சமுத்திரத் தீவுகளையும் இந்தியாவையும் தொட்டு, 2006இன் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்தபோது முதலில் அடிபட்ட இடங்களில் மட்டக்களப்பும் கல்முனையும் இருந்தன. மூட்டு வலியில் மாதக்கணக்கில் நொண்டியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் சந்தேகம்: பெருமழை குடம்பியை அடித்துப் போகாதா? போகும். ஒரே நாளில் 150 மி.மீ. கொட்டினால் தகரம், டயர், பூச்சாடித் தட்டு எல்லாம் வழிந்து, குடம்பியும் கூட்டுப்புழுவும் மண்ணில் விழுந்து சாகும். அந்த வாரத்தில் நுளம்பு குறைவதை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். ஆனால் சுவரில் ஒட்டிய முட்டை கழுவுப்படாது. வெள்ளம் வேலியோரமும் வடிகானோரமும் யோகட் கோப்பை, போத்தல், பொலித்தீன் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வடியும். ஆபத்து அதற்குப் பிறகு வரும் விட்டுவிட்டுப் பெய்யும் தூறலில்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்ச்சுவருள்ள ஒரு மீன் தகரத்தில் 20 மி.மீ. மழை விழுந்தால் இரண்டு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும். வெயில் படும் இடத்தில் நாளுக்கு 4 அல்லது 5 மி.மீ. ஆவியானால் நாலைந்து நாளில் தகரம் காய்ந்துவிடும். முட்டை பொரித்து, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க எங்கள் வெப்பத்தில் 8 முதல் 10 நாள் வேண்டும். ஆகவே அந்தத் தகரத்தில் எல்லாம் செத்துப்போகும். அதே தகரம் மாமர நிழலில் கிடந்து நாளுக்கு 2 மி.மீ. மட்டும் ஆவியானால் பத்து நாள் தண்ணீர் நிற்கும், நுளம்பு பறந்துவிடும். வெயிலில் கிடப்பதுகூட, நாலாம் நாள் இன்னொரு 20 மி.மீ. விழுந்தால் தப்பிவிடும். ஒரே நாளில் 200 மி.மீ. கொட்டிவிட்டு இரண்டு வாரம் வெயில் எறிக்கும் மாரியை விட, நாலைந்து நாளுக்கொரு தடவை 20 மி.மீ. பெய்யும் மாரி டெங்குக்கு மோசம். மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. முதலாவதுதான் ‘மழை கூடிய மாதம்’ என்று பதிவாகும்.

வெப்பத்தின் பங்கு இதைவிட நுணுக்கமானது. டெங்கு நோயாளியைக் கடித்த நுளம்பு அடுத்த நாளே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். 25 பாகையில் இதற்குச் சராசரியாக 15 நாள், 30 பாகையில் ஆறு, ஏழு நாள். ஒரு நாளில் பத்தில் ஒரு நுளம்பு சாகும் என்று வைத்துக்கொண்டால், நோயாளியைக் கடித்த 100 பெண் நுளம்புகளில் 15 நாள் தாண்டி உயிரோடு இருப்பவை ஏறத்தாழ 20. ஏழு நாள் தாண்டுபவை ஏறத்தாழ 48. ஐந்து பாகை வித்தியாசம் கடிக்கத் தயாரான நுளம்பை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிடுகிறது. அதற்காகச் சூடு ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ஈஜிப்டியால் பரவுவது 29 பாகையை ஒட்டிய சராசரியில் உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் நுளம்பின் ஆயுள் குறைவதால் சரிகிறது.

இதை எங்கள் மாதங்களோடு பொருத்திப் பாருங்கள். ஒக்டோபரில் இன்னும் சூடு இருக்கும். டிசம்பர், ஜனவரியில் முகில் மூடி, வாடைக்காற்றும் சேர்ந்து, சராசரி 25, 26 பாகைக்கு இறங்கும். அதனால் ஒக்டோபர் ஆரம்பத்தில் நன்றாகத் தொடங்கிய மழை, டிசம்பர் நடுவில் தொடங்கும் அதே அளவு மழையை விட நோய்க்கு வாய்ப்பானது: சூடும் இருக்கிறது, பெருக நாளும் இருக்கிறது. எல்நினோவும் நேர்மறை இருமுனையும் சேரும் ஆண்டுகளில், 2023 அப்படியொன்று, கண் வைக்க வேண்டியது இந்த முன்மாரியில்தான். லாநினா ஆண்டில் கணக்கு பின்னுக்குத் தள்ளும். மாசி வரை மழை இழுபட்டால், பங்குனியில் சூடு ஏறும்போதும் பாத்திரங்களில் தண்ணீர் இருக்கும். டெங்குக் காலம் முடிந்தது என்று எல்லோரும் கைகழுவும் நேரம் அது.

தை மாதத்தில் ஏன் ஏறுகிறது என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. நவம்பர் 5ஆம் திகதி முட்டைகள் நனைகின்றன என்று வையுங்கள். 15ஆம் திகதியளவில் நுளம்பு பறக்கிறது. இரண்டு மூன்று நாளில் முதல் இரத்தம் குடிக்கிறது. அது ஒரு டெங்கு நோயாளியின் இரத்தமாக இருந்தால், வைரஸ் முற்ற இன்னொரு பத்து நாள். நவம்பர் முடிவில் அது கடிக்கும் ஆளுக்கு நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவாகும்போது டிசம்பர் முதல் வாரம் தாண்டிவிடும். அது ஒரு சுற்று. அடுத்த ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை வாரமளவில் பிடிக்கும். இரண்டு சுற்றுப் போனால் பொங்கல் வந்துவிடும். பத்திரிகையில் ‘டெங்கு அதிகரிப்பு’ என்று படிக்கும்போது நீங்கள் பார்ப்பது ஒன்பது, பத்து வாரத்துக்கு முந்திய மழையின் விளைவு. அந்த நேரம் வளவைக் கூட்டுவது பிரயோசனம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பலன் தரும் நேரம் போய்விட்டது.

காலநிலை எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இரண்டு ஆண்டுகள் போதும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அது பெரிய எல்நினோ ஆண்டு இல்லை. டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. பல காலம் குறைவாக இருந்த இரண்டாம் வகை அப்போது மேலோங்க, மக்களிடம் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. பக்கத்துக் கிண்ணியாவில் மார்ச் மாதமே நிலைமை கைமீறியது. பிறகு 2019இல் 1,05,000 நோயாளர். 2020இல் சுமார் 31,000. கொரோனா முடக்கத்தில் பாடசாலையும் வேலைத்தலமும் மூடிக் கிடந்ததும், ஆட்கள் நடமாட்டம் குறைந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்ததும் அந்தக் குறைவில் சேர்ந்திருக்கின்றன. எந்த வகை சுற்றுகிறது, ஊரில் எத்தனை பேருக்கு அது புதிது என்பது தெரியாமல் எல்நினோவை மட்டும் வைத்து டெங்குச் சோதிடம் சொல்பவரை நம்பாதீர்கள்.

அப்படியானால் முன்னறிவிப்பு எதற்கு? நாள் குறிப்பதற்கு. மார்ச், ஏப்ரலில் வரும் எல்நினோ முன்னறிவிப்பு தளம்பல் கூடியது. ஓகஸ்ட், செப்டெம்பரில் வருவது உறுதி கூடியது. எங்களுக்கு மாரி அதற்குப் பிறகுதான் என்பது ஒரு வசதி. செப்டெம்பர் கடைசியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைப் பாருங்கள். முன்மாரி கூடும் என்றால், முதல் மழைக்கு முன் ஒரு முழுத் துப்புரவு. அது குறையும் என்றாலும் செய்யத்தான் வேண்டும், அதோடு துப்புரவை மாசி வரை தொடர வேண்டும், அவ்வளவே.

துப்புரவு என்று சொல்லிப் பலர் பிழைவிடும் இடம் இது. தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் குடம்பி போகும், முட்டை போகாது. பரலின் உட்சுவரைத் தும்பாலோ முள்ளுப் பிரசாலோ, முக்கியமாகத் தண்ணீர் நின்ற கோட்டிலும் அதற்கு மேலே ஒரு சாணுக்கும், அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். இதை வாரம் ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் அதே நாளில் செய்வது நல்லது. எட்டு நாளுக்குள் இரண்டாம் தடவை கை பட்டால் எந்தக் குடம்பியும் பறக்கும் கட்டத்துக்குப் போகாது. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் செய்த வேலை வீண். தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்பதால் ஊற்ற முடியாத பரலை நுளம்பு வலைத்துணியால் மூடி, றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். மூடி மட்டும் வைத்தால், வளைந்த பிளாஸ்டிக் மூடியின் மேல் தேங்கும் மழைநீரே இன்னொரு தொட்டி. மேல்நிலைத் தாங்கியின் வழிவுக் குழாயின் வாய் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அதற்கும் வலை கட்ட வேண்டும்.

குடிக்காத தண்ணீர் நிற்கும் பெரிய தொட்டிக்குக் குடம்பியைக் கொல்லும் ஏபேற் மணல் போடலாம்: மருந்து ஒரு சதவீதம் உள்ள மணலென்றால் 100 லீற்றருக்கு 10 கிராம். 200 லீற்றர் பரலுக்கு 20 கிராம், குவித்த இரண்டு தேக்கரண்டியளவு. கூடப் போட்டால் கூட நாள் வேலை செய்யும் என்று அள்ளிக் கொட்ட வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே போடுங்கள். பாவிக்காத கிணற்றுக்குக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம். ஆனால் வாவியிலும் குளத்திலும் விடக்கூடாது, அது உள்ளூர் மீனின் வாழ்விடம்.

கரையோரத்தில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்று பாடசாலையில் படித்திருப்போம். இலங்கைக் கரையோரங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபற்றி 2011இல் வெளியான ஆய்வில், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் இரண்டு ஈடிஸ் இனங்களின் குடம்பியும் காணப்பட்டன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கும். கைவிட்ட படகும் பாவிக்காத கிணறும் கண்ணாடி, பிளாஸ்டிக் கழிவும்தான் அந்த இடங்கள். உவர்க் கிணறு என்றோ, படகில் நிற்பது உப்புத்தண்ணீர் என்றோ விட்டுவிடக்கூடாது. கடலுக்குப் போகாத மாரி நாட்களில் கரைக்கு இழுத்த ஃபைபர் படகைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க முடியாததற்கு அடிச் செருகியைக் கழற்றி விடுங்கள். வலையை மூடும் தறப்பாளின் மடிப்பையும் வாரத்துக்கொருமுறை தட்டிவிட வேண்டும்.

புகை ஏன் பலன் தரவில்லை என்று கேட்டீர்கள். புகை பறக்கும் நுளம்பை மட்டும், அதுவும் புகை பட்டால் மட்டும் கொல்லும். ஈஜிப்டி அலுமாரிக்குப் பின்னும் கட்டிலுக்குக் கீழும் தொங்கும் உடுப்பிலும் இருப்பது. புகை வரும்போது யன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தால் நுளம்பையும் சேர்த்துப் பாதுகாக்கிறோம். காற்று பலமாக வீசினாலும் மழை தூறினாலும் மருந்து நிற்காது. குடம்பிக்கு ஒன்றும் ஆகாது என்பதால் இரண்டு மூன்று நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி உடனடியாக அடிப்பதற்குப் பலன் உண்டு. ஈஜிப்டி பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்குள்ளேயே சுற்றுவது. ஊர் முழுக்க அடிப்பதை ஆறுதல் என்றே சொல்வேன்.

வயல் பக்கம் நுளம்பு வேறு. பெரும்போக வயலில் நிற்கும் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ் இனம்; இரவில் கடிப்பது, மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொக்கு, நாரையிலிருந்தும் பன்றியிலிருந்தும் மனிதருக்குக் கொண்டுவரக் கூடியது. அதற்கான தடுப்பூசி ஒரு வயதில் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. உன்னிச்சை, நவகிரிப் பக்கம் வயலோடு வாழ்பவர்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள். வெள்ளத்துக்குப் பின் வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அது நுளம்பால் வருவதில்லை, மருந்து வேறு. எந்தக் காய்ச்சலானாலும் டெங்கு இல்லை என்று தெரியும் வரை பரசிட்டமோல் தவிர வேறு நோவுக் குளிசை, குறிப்பாக அஸ்பிரினும் டைக்குளோபெனாக்கும் வேண்டாம்.

மலேரியாவுக்கு வருவோம். அதைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் ஓடும் ஆற்றில் பெருகாது. ஆறு வற்றி மணலில் குழி குழியாகத் தெளிந்த தண்ணீர் நிற்கும்போது பெருகும். 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஈரவலய ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கின. அதைத் தொடர்ந்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மழை குறைந்ததால் நோய் கூடியது. டெங்கைப் படித்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும். எங்கள் பக்கம் மாதுறு ஓயா, பட்டிப்பளை ஆறு, முந்தனை ஆறு போன்றவற்றில் மாரி ஓய்ந்து மணல் தெரியும் காலமே கவனிக்க வேண்டியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டுகளில் மழையும் வெயிலும் மாறவில்லை. இரத்தப் பரிசோதனையும் சுவரில் தெளித்த மருந்தும் மருந்தூட்டிய வலையும்தான் வேலை செய்தன. நுளம்பு இன்னும் இருக்கிறது, ஒட்டுண்ணி இல்லை. அதோடு 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பும் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆற்றுக் குழியை எதிர்பார்க்காமல் நகரத்துக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுவது.

ஆகவே எல்நினோ வறட்சி மட்டும் மலேரியாவைத் திருப்பிக் கொண்டுவராது. ஒட்டுண்ணி வெளியிலிருந்து வர வேண்டும். ஆபிரிக்க நாடுகளுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த உங்கள் வீட்டாருக்கு, வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், டெங்குப் பரிசோதனையோடு நிற்காமல் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். போன நாட்டின் பெயரை வைத்தியர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.